அகராதி ஜான்சனும் சந்தைக் கடையும்



நம் சுவர் இதழில் மாதாமாதம் அறிஞர் வரலாறு வருவது உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் என் முறை. புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதக் கூடாது, படித்துவிட்டு மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக எழுத வேண்டும் என்று ஆங்கில டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஒரு சார்ட்டில் அடங்கவில்லை, இரண்டு சார்ட் ஆகிவிட்டது. தயவுசெய்து இரண்டையும் படிக்கவும். முக்கியமானது இரண்டாவது சார்ட்டில்தான் இருக்கிறது.

ஏன் ஜான்சன்?

அரையாண்டுத் தேர்வில் 'ஃபிரேசல் வெர்ப்' கேள்விக்கு ஐந்து மதிப்பெண். எனக்குக் கிடைத்தது பூஜ்யம். 'லுக் ஆஃப்டர்' என்பதற்குப் பின்னால் பார்த்தல் என்று எழுதினேன். லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு அல்லது பின்னால். சரியாத்தானே இருக்குன்னு நெனச்சேன். 'புட் ஆஃப் த மீட்டிங்' என்பதற்குக் கூட்டத்தை அணைத்தாள் என்று எழுதினேன். லைட்டை ஆஃப் பண்றோம் இல்லையா, அந்த நினைப்பு. விடைத்தாள் கொடுத்த அன்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன். இனிமேல் ஆங்கிலம் நமக்கு வராது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. தமிழில் 'பார்' என்றால் என்ன, 'கொள்' என்றால் என்ன, 'பார்த்துக்கொள்' என்றால் என்ன என்று கேட்டார். நான் யோசித்தேன். தம்பியைப் பார் என்றால் கண்ணால் பார்ப்பது. தம்பியைப் பார்த்துக்கொள் என்றால் கவனிப்பது. அதேதான் 'லுக் ஆஃப்டர்' என்றார். தள்ளு, போடு இரண்டும் சேர்ந்தால் 'தள்ளிப்போடு'. அதற்குத் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை, நாள் கடத்துவது. அதுதான் 'புட் ஆஃப்'. கண்டு, பிடி இரண்டும் சேர்ந்து 'கண்டுபிடி'. அதுதான் 'ஃபைண்ட் அவுட்'. நமக்கு இதெல்லாம் அம்மா மடியிலேயே வந்துவிட்டது, அதனால் கஷ்டம் தெரியவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் படிக்க வந்தால் அவருக்கும் மண்டை காயும்.

அதன் பிறகுதான் டீச்சர் ஜான்சனைப் பற்றிச் சொன்னார். வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளே மாறிப்போகிறதே, இதுதான் வெளிநாட்டார் ஆங்கிலம் படிக்கும்போது படுகிற பெரிய கஷ்டம் என்று 1755ஆம் ஆண்டிலேயே தன் அகராதியின் முன்னுரையில் எழுதி வைத்தாராம். அதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆங்கிலேயரான, ஆங்கில அகராதியே எழுதிய பெரிய மனிதர், இது கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்போ என் மேல் மட்டும் தப்பில்லை.

அவர் வாழ்க்கையை நான் ஃபிரேசல் வெர்ப்களை வைத்தே சொல்லப் போகிறேன். வரலாறும் தெரியும், சொல்லும் மனதில் நிற்கும். ஆங்கிலச் சொற்களைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் படிக்கும்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

1. பிரிங் அப் – வளர்த்தல்

சாமுவேல் ஜான்சன் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்தில் லிச்ஃபீல்ட் என்னும் ஊரில் பிறந்தார். அப்பா மைக்கேல் ஜான்சன் புத்தகக் கடைக்காரர். அம்மா பெயர் சாரா. குழந்தை பிறந்தபோது அழவே இல்லையாம். பிழைக்காது என்று பயந்து உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்.

பிழைத்தது. ஆனால் கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலை நோய் வந்தது. அந்தக் காலத்தில் அரசரோ அரசியோ தொட்டால் அந்த நோய் போகும் என்று நம்பினார்கள். 1712இல் அவருடைய அம்மா குழந்தையை லண்டனுக்குத் தூக்கிப் போய் ஆன் ராணியிடம் தொடச் செய்தார். ராணி தொட்டும் நோய் போகவில்லை. பிறகு அறுவை செய்ததில் முகத்திலும் கழுத்திலும் வடு நின்றுவிட்டது. ஒரு கண்ணில் பார்வை கிட்டத்தட்ட இல்லை, ஒரு காதும் சரியாகக் கேட்காது. இப்படித்தான் அவர் வளர்ந்தார்.

சின்னப் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் கூட்டிப் போக ஆள் வரவில்லை. தனியாகவே கிளம்பிவிட்டான் சிறுவன். சாக்கடை எங்கே இருக்கிறது என்று கண் தெரியாததால் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்து பார்த்துத்தான் தாண்டினான். விழுந்துவிடுவானோ என்று டீச்சர் பின்னாலேயே வந்தார். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்து டீச்சரையே அடித்துவிட்டானாம்! (நம் பள்ளியில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) எனக்கு உதவி வேண்டாம் என்கிற அந்த ரோஷம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

2. ஸ்டாண்ட் அவுட் – தனித்துத் தெரிதல்

இலக்கணப் பள்ளியில் சேர்ந்ததும் அவர் படிப்பு எல்லோரையும் விடத் தனியாகத் தெரிந்தது. ஒரு தடவை படித்தால் மறக்காது. காலையில் மூன்று மாணவர்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். ஒருவன் குனிந்து முதுகில் ஏற்றிக்கொள்வான், மற்ற இருவரும் இரு பக்கமும் தாங்கிக்கொள்வார்கள். அப்படியே பள்ளிக்குத் தூக்கிப் போவார்களாம். அவருடைய அறிவுக்குக் கூடப் படித்தவர்கள் தந்த மரியாதை அது.

3. ரன் அவுட் ஆஃப் – தீர்ந்துபோதல்

1728இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். பணம்தான் இல்லை. ஷூ கிழிந்து கால்விரல் வெளியே தெரியும். வேறு கல்லூரியில் இருந்த நண்பரிடம் பாடக் குறிப்பு வாங்கப் போவார். அங்கே இருந்தவர்கள் தன் காலைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் போவதையே நிறுத்திவிட்டார். யாரோ இரக்கப்பட்டு ஒரு ஜோடி புது ஷூவை அவர் அறை வாசலில் வைத்தார்கள். அதை எடுத்து வீசி எறிந்துவிட்டார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் என் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தி வந்த நாள் எனக்கும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் பிரேயரில் கடைசி வரிசையில் நின்றேன்.

13 மாதங்களில் பணம் தீர்ந்தது. 1729 டிசம்பரில் பட்டம் வாங்காமலேயே ஊருக்குத் திரும்பினார்.

4. டர்ன் டவுன் – மறுத்துவிடுதல்

இதை எல்லோரும் கவனமாகப் படிக்கவும்.

அவருடைய அப்பா லிச்ஃபீல்டில் கடை வைத்திருந்ததோடு பக்கத்து ஊர்ச் சந்தைகளிலும் புத்தகக் கடை போடுவார். அதில் ஒன்று யுட்டாக்ஸிட்டர். லிச்ஃபீல்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒரு சந்தை நாளில் தன்னோடு வரும்படி மகனைக் கூப்பிட்டார். மகன் மாட்டேன் என்றுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீன் படித்துவிட்டு வந்தவன் சந்தையில் உட்கார்ந்து விற்பதா என்கிற கர்வம்தான் காரணம். இதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1731 டிசம்பரில் அப்பா இறந்துபோனார். அப்பா சொத்திலிருந்து ஜான்சனுக்கு வந்தது சுமார் 20 பவுண்டுதான். ஆனால் அந்த ஒரு மறுப்பு ஆயுசுக்கும் கூடவே வந்தது.

5. செட் அவுட் – புறப்படுதல்

1735இல் எலிசபெத் போர்ட்டர் என்ற விதவைப் பெண்மணியை மணந்தார். அவர் ஜான்சனை விட 20 வயதுக்கு மேல் மூத்தவர். மனைவியின் பணத்தைக் கொண்டு ஈடியல் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பள்ளி மூடப்பட்டது. ஆனால் அந்தச் சில பிள்ளைகளில் ஒருவர் டேவிட் காரிக். 1737 மார்ச்சில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே லண்டனுக்குப் புறப்பட்டார்கள். காரிக் பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகர் ஆனார். ஜான்சன் ஒரு மாத இதழுக்கு எழுதிக் கூலி வாங்கினார். தங்க இடம் இல்லாமல் நண்பர் ஒருவரோடு இரவு முழுக்கத் தெருவில் நடந்தே பொழுதை ஓட்டிய நாட்களும் உண்டு.

6. டேக் ஆன் – பொறுப்பை ஏற்றல்

1746இல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஆங்கிலத்துக்கு ஒரு நல்ல அகராதி எழுதித் தரக் கேட்டார்கள். அதற்கு முன்பும் அகராதிகள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் அரைகுறை. கூலி 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. உதவியாளர் சம்பளம், பேப்பர் செலவு எல்லாம் அதிலேயே. பட்டம் இல்லாத 36 வயது மனிதர், பார்வை சரியில்லாதவர், மூன்று வருடத்தில் முடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு மொழிக்கு 40 பேர் கொண்ட கழகம் பல பத்தாண்டுகள் செய்த வேலை அது!

லண்டனில் கஃப் ஸ்கொயர் என்ற இடத்தில் 17ஆம் எண் வீட்டின் மாடியில் வேலை நடந்தது. அந்த வீடு இப்போதும் அருங்காட்சியகமாக இருக்கிறது. வேலை செய்த முறை இதுதான்: ஜான்சன் நல்ல நல்ல புத்தகங்களைப் படிப்பார். ஒரு சொல் எங்கே அழகாக வந்திருக்கிறதோ அங்கே பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எழுதுவார். ஆறு உதவியாளர்கள், அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள், அந்த வரியைத் துண்டுச் சீட்டில் பார்த்து எழுதுவார்கள். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்குவார்கள். பிறகு எல்லா உதாரணத்தையும் வைத்துப் பார்த்து ஜான்சன் பொருள் எழுதுவார். அதாவது முதலில் பொருளை எழுதிவிட்டு உதாரணம் தேடவில்லை. மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் பொருள் எழுதினார்.

7. கேரி ஆன் – விடாமல் தொடர்தல்

மூன்று வருடம் ஓடிவிட்டது, வேலை பாதி கூட முடியவில்லை. நோட்டில் எழுதி வந்த முதல் முறை சரிப்படாமல் மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. இயல்பிலேயே அவர் சோம்பல் உள்ளவர். காலையில் நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார். இனி அதிகாலையில் எழ வேண்டும் என்று வருடா வருடம் உறுதி எடுத்து வருடா வருடம் தோற்றவர். (நம் வகுப்பில் நிறைய ஜான்சன்கள் இருக்கிறோம்.) 1752இல் மனைவி இறந்துபோனார். அந்தத் துக்கத்திலும் வேலையைக் கைவிடவில்லை.

செஸ்டர்ஃபீல்ட் பிரபு என்பவர் ஆதரவு தருவார் என்று நம்பி அகராதித் திட்டத்தை 1747இல் அவருக்கு எழுதி வெளியிட்டிருந்தார். பிரபு பல வருடம் கண்டுகொள்ளவில்லை. அகராதி முடியப்போகிற நேரத்தில் மட்டும் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். தத்தளிக்கும்போது கை கொடுக்காமல் கரை ஏறிய பிறகு வருகிற உதவி எதற்கு என்கிற பொருளில் 1755 பிப்ரவரியில் ஜான்சன் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஷூவை வீசிய அதே ஜான்சன்தான். ஆனால் இந்தத் தடவை அந்த ரோஷத்தில் நியாயம் இருந்தது.

8. கம் அவுட் – வெளிவருதல்

1755 ஏப்ரல் 15ஆம் நாள் அகராதி வெளிவந்தது. இரண்டு பெரிய தொகுதிகள். 42,773 சொற்கள். சுமார் 1,14,000 மேற்கோள்கள். 'டேக்' என்கிற ஒரே வினைச்சொல்லுக்கு மட்டும் 134 பொருள், ஐந்து பக்கம்! நாம் அரையாண்டுக்குப் படித்தது அதில் நாலைந்துதான். விலை 4 பவுண்டு 10 ஷில்லிங். அந்தக் காலத்துக்கு மிக அதிகம். இதே ஆண்டுதான், பணம் இல்லாமல் பாதியில் வெளியேறிய ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு எம்.ஏ. பட்டம் கொடுத்தது. டாக்டர் பட்டம் முதலில் 1765இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலிருந்து வந்தது. 1928இல் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முழுமையாகும்வரை ஜான்சன் அகராதிக்குத்தான் தனி மதிப்பு.

பெட்டிச் செய்தி: உங்களுக்குத் தெரியுமா?

* 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் ஜான்சன் காலத்தில் இல்லை. 1925இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்.
* ஜான்சன் தன் முன்னுரையில் காட்டியவற்றில் சில: 'பிரேக் ஆஃப்' – சட்டென்று நிறுத்துதல். 'செட் அவுட்' – புறப்படுதல். 'செட் இன்' – தொடங்கி நிலைத்தல். 'கிவ் ஓவர்' – விட்டுவிடுதல். 'ஃபால் ஆன்' – தாக்குதல். 'பேர் அவுட்' – சரி என்று காட்டுதல்.
* 'டேக் ஆஃப்' என்பதற்கு அங்கே அவர் சொன்ன பொருள் ஒருவரைப் போலச் செய்தல். விமானம் கிளம்புதல் என்கிற பொருளை அவர் எழுதியிருக்க முடியாது. ஏன் என்று யோசியுங்கள்!

9. ஓன் அப் – தவறை ஒப்புக்கொள்ளுதல்

அகராதியில் குதிரையின் உடம்பில் ஓர் இடத்துக்குத் தவறான பொருள் எழுதிவிட்டார். குளம்புக்கு மேலே உள்ள பகுதியை முழங்கால் என்று எழுதினார். ஒரு பெண்மணி, எப்படி இந்தத் தப்பு வந்தது என்று கேட்டார். அவ்வளவு பெரிய அறிஞர் சுற்றி வளைத்துச் சமாளிக்கவில்லை. தெரியாமல்தான் எழுதினேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விடைத்தாளில் பூஜ்யம் வாங்கியவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

10. லுக் ஆஃப்டர் – பார்த்துக்கொள்ளுதல்

இவ்வளவு புகழ் வந்தும் காசு தங்கவில்லை. 1756இல் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற எழுத்தாளர் பணம் அனுப்பி மீட்டார். 1759இல் அம்மா இறந்தபோது, அந்தச் செலவுக்காக ஒரே வாரத்தில், மாலை நேரங்களில் உட்கார்ந்து 'ராசெலாஸ்' என்ற கதையை எழுதினார். 1762இல்தான் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார்.

கையில் காசு வந்ததும் தனக்காக அவர் பெரிதாக ஒன்றும் செய்துகொள்ளவில்லை. வீடு நிறைய ஆதரவற்றவர்கள். கண் தெரியாத ஆனா வில்லியம்ஸ் என்ற கவிஞர், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவெட் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் என்ற சிறுவன் 1752இல் அவர் வீட்டுக்கு வந்தான். ஜான்சன் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். கடைசியில் தன் சொத்தில் பெரும்பகுதியை அவருக்கே எழுதி வைத்தார்.

ஹாட்ஜ் என்று ஒரு பூனையும் வளர்த்தார். அதற்குத் தின்னக் கடல்சிப்பி வாங்க வேண்டும். வேலைக்காரரை அனுப்பினால் பூனைக்காக அலைகிறோமே என்று அவர்களுக்குப் பூனை மேல் வெறுப்பு வந்துவிடும் என்று, தானே கடைக்குப் போய் வாங்கி வருவார். சந்தைக்கு வர மாட்டேன் என்றவர், வயதான பிறகு பூனைக்காகச் சிப்பி வாங்கக் கடைக்குப் போகிறார்! ஹாட்ஜுக்கு அந்த வீட்டின் எதிரே சிலை இருக்கிறது.

1763இல் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற இளைஞர் நண்பரானார். அவர் எழுதி 1791இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றால்தான் ஜான்சனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. 60 வயதைத் தாண்டிய பிறகும் ஜான்சன் டச்சு மொழி படிக்க முயன்றார். அறுபதில் அவர் படிக்கலாம், பதினாலில் நான் படிக்க மாட்டேனா?

11. மேக் அப் ஃபார் – ஈடுசெய்தல்

அப்பா கூப்பிட்டு ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜான்சன் இப்போது ஊர் உலகமெல்லாம் அறிந்த பெரியவர். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் யுட்டாக்ஸிட்டருக்குப் போனார். அப்பா கடை போட்டிருந்த அதே இடத்தைத் தேடிப் போய், தலையில் தொப்பி இல்லாமல் மழையில் நின்றார். நெடுநேரம் நின்றார். அப்பாவுக்கு அன்றைக்குச் செய்யாததற்கு அதுதான் அவரால் செய்ய முடிந்தது. லிச்ஃபீல்டில் அவர் சிலையின் அடியில், பிள்ளைகள் அவரைத் தூக்கிப் போகிற காட்சியும், சந்தையில் அவர் மழையில் நிற்கிற காட்சியும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

12. பாஸ் அவே – காலமாதல்

1783 ஜூனில் பக்கவாதம் வந்து ஒரு நாள் இரவில் பேச்சு நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் சொல்லோடு வாழ்ந்தவருக்குச் சொல் வரவில்லை. அறிவு கலங்கிவிட்டதா என்று சோதிக்க மனதுக்குள்ளேயே லத்தீனில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு கட்டிப் பார்த்தார். பேச்சு பிறகு திரும்ப வந்தது. 1784 டிசம்பர் 13ஆம் நாள் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தன் மாணவர் காரிக்கின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

கடைசியாக ஒன்று

வரலாறு முடிந்துவிட்டது. இது என் சொந்தச் செய்தி. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

எங்க அப்பா புதன்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கடை போடுகிறவர். நிறையப் பேருக்குத் தெரியாது, ஏன்னா நான் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் வியாபாரம் என்று மட்டும் சொல்வேன். போன வருஷம் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, கருவாட்டு வாசனை வருதுன்னு இடம் மாறிப் போனாள். பெயர் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து சந்தைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அப்பாவுக்குக் காலில் ஆணி குத்திவிட்டது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கடையில் உட்காரு பாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுட்டு வந்துடறேன் என்றார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு என்று சொல்லிட்டேன். அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸே கிடையாது. படிப்புதான் முக்கியம், நீ படி என்று சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டே மூட்டையைத் தூக்கினார். ஊசி போடவில்லை. காலில் சீழ் வைத்து, அடுத்த மூணு சந்தைக்குக் கடையே போடவில்லை. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜான்சன் மழையில் நின்ற இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் போய் நின்றபோது அப்பா இல்லை, வெறும் இடம்தான் இருந்தது. எனக்கு அப்பா இருக்கிறார். அப்புறம் நான் எதற்கு 50 வருஷம் 'புட் ஆஃப்' பண்ண வேண்டும்?

போன புதன்கிழமை பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு சந்தைக்குப் போனேன். அப்பா முதலில் பயந்துவிட்டார், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஸ்பெஷல் கிளாஸ் பொய்யைச் சொன்னேன். 'ஓன் அப்'. அவர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெரியும் பாப்பா என்றார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நான் நெத்திலி நிறுத்துக் கொடுத்தேன். நம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவள் அம்மாவோடு வந்தாள். ஒரு நிமிஷம் சாக்குக்குப் பின்னால் குனியலாமா என்று இருந்தது. குனியவில்லை. கால் கிலோ சாளைக் கருவாடு வாங்கிப் போனாள். மறுநாள் பள்ளியில், குழம்பு நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் நான் துண்டுச் சீட்டில் ஃபிரேசல் வெர்ப் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அதை வைத்து ஒரு வாக்கியம். அப்பா அது என்ன என்று கேட்டார். 'லுக் ஆஃப்டர்' சீட்டைக் காட்டி அர்த்தம் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

ஜான்சனின் மாடி அறை மாதிரி, நம் நூலக அலமாரியில் ஒரு பழைய ஷூ பெட்டி வைத்திருக்கிறேன். டீச்சரிடம் அனுமதி வாங்கியாச்சு. யார் வேண்டுமானாலும் ஒரு ஃபிரேசல் வெர்ப்பும், அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியமும், அதே பொருள் தருகிற தமிழ்ச் சொல்லும் எழுதிப் போடலாம். தப்பா இருந்தாலும் பரவாயில்லை, குதிரை முழங்கால் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இதுவரை 63 சீட்டு சேர்ந்திருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வுக்குள் 200 ஆக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் சந்தைக்கு வாருங்கள். கருவாட்டு வரிசையில் இரண்டாவது கடை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி